ஊதுகிறவள்

வியாசர்பாடி மைதானத்தில்
பதினோரு வருஷமாக விசில் ஊதுகிறேன்.
வெளியே விடுகிற மூச்சுக்கு
மேட்சுக்கு முந்நூறு ரூபாய்.
உள்ளே இழுக்கிற மூச்சுக்கும் விலை உண்டென்று
டாக்டர் ஹுமைராவின் கிளினிக்கில்தான் தெரிந்தது.

எடுத்ததும் கொடுத்துவிடவில்லை.
ஒரு குழாயை வாயில் வைத்து
ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும் என்று
பெனால்டி கேட்கும் கூட்டம் மாதிரிக் கத்தினாள்
டெக்னீஷியன் பெண்.
திரையில் ஒரு கோடு குன்றேறி இறங்கியது.
சிகரெட் உண்டா?
ஐயோ, டாக்டர்.
சின்ன வயசில் இழுப்பு?
எண்ணூரில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது.
ஆனாலும் யோசித்துத்தான் இல்லை என்றேன்.
ஆறு மாசம் கழித்து மறுபடி ஊத வா என்றார்,
அதற்கப்புறம் வருஷா வருஷம்.

என் லைன்ஸ்மேன் தாவீதும் அதே குழாயில் ஊதினான்.
அவனுக்கு ஆஸ்துமா.
அங்கேயே சிவப்பு அட்டை.
சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டபடி
"உனக்கென்னக்கா, பவுடர் போட்டுக்கிற வாழ்க்கை" என்கிறான்.
ராத்திரி பத்து மணிக்கு
எனக்கும் தொடையில் ஒரு நீள ஊசி பாக்கி இருப்பதைச்
சொன்னால் சிரிப்பான். சொல்வதில்லை.

சோறு கண்ணெதிரில் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.
மூலக்கொத்தளத்தில் ஒரு கல்யாணம்,
இலை போட்டதை நம்பி இழுத்துவிட்டேன்.
சாம்பார் வாளி வரவே இல்லை,
பரிமாறுகிறவர்களுக்குள் ஏதோ சண்டை.
விரல் நடுங்குகிறது. பிடரியில் வேர்வை.
பக்கத்து இலை பெரியவரின் லட்டையும் சேர்த்து விழுங்கினேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!
அன்றிலிருந்து விசில் கயிற்றோடு
குளுக்கோஸ் பாக்கெட்டும் என்னோடு ஓடுகிறது,
நாங்கள் மூவர்.

கருவி என்பது ஒரு சின்ன விசில் மாதிரிதான் இருக்கிறது.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம்
குளிர் விடட்டும் என்று காத்திருப்பேன்.
மாட்டிய பிறகு சாய்க்கக் கூடாது, உலுக்கக் கூடாது,
கழுவவே கூடாது.
ஷேர் ஆட்டோவில் ஒருநாள் மாட்டிவிட்டேன்.
பேசின் பிரிட்ஜ் பள்ளத்தில்
ஆட்டோவோடு நானும் அதுவும் எகிறினோம்.
உள்ளே முழுசாக இருக்கலாம்,
பாதியாக இருக்கலாம்.
இந்த "கலாம்" எல்லாம்
கோல் விழுந்ததா என்று வாதாடுகிறவர்களுக்கு.
என் ரத்தம் அதைக் கேட்காது.
அதைக் கழற்றி எறிந்து புதுசு மாட்டும்போது
விலை நினைவுக்கு வந்து
வயிறு ஒரு முறை பிசைந்தது, அவ்வளவுதான்.

பிறகு மூச்சை முழுக்க வெளியே விடு.
உதடு இறுக்கு. இழு. பிடி.
தொண்டையில் மாவு மில் வாசலைக் கடந்த மாதிரி
ஒரு கமறல்.
ஊதியே பிழைத்தவளுக்கு
பிடித்து வைப்பதுதான் கஷ்டம்.

இந்தப் போகிக்குக் காலை ஏழுக்கு இறுதிப் போட்டி.
தெருவெல்லாம் டயர்.
கோல் கம்பம் தெரியவில்லை,
பந்து புகைக்குள் போய்ப் புகைக்குள்ளிருந்தே வந்தது.
ராத்திரியிலிருந்தே எனக்கு இருமல்,
நெஞ்சுக்குள் யாரோ கயிறு முறுக்குகிற மாதிரி.
இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து
கருவியைக் கையில் எடுத்தேன்.
பார்த்தேன்.
பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.
போனில் ஹுமைரா அதையே சொன்னார்:
இன்னைக்கு அது வேண்டாம்,
பையில் பேனா இருக்கில்ல?
இருமல் அடங்கலன்னா நேரா வந்துடு.

இருந்தது. எப்போதும் இருக்கும்.
நான் சட்டை ஓரத்தைத் தூக்க,
தாவீது ஒன்றும் பேசாமல்
தன் மஞ்சள் கொடியை விரித்து
கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றான்.
கைக்குட்டை அகலம்கூட இல்லாத கொடி.

மேட்ச் ஆறு நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.
யாரும் காரணம் கேட்கவில்லை,
ரெஃப்ரீயிடம் கேட்க மாட்டார்கள்.